பீட்டோ ஏரியும் போ ஏரியும்: ஐஸ்ஃபீல்ட்ஸ் நெடுஞ்சாலையில் படமெடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் லேக் லூயிஸையும் ஜாஸ்பர் நகரையும் இணைக்கும் சுமார் 230 கிலோமீட்டர் மலைச்சாலைக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்று பெயர். வரைபடத்தில் 93ஆம் எண் நெடுஞ்சாலையின் வடபகுதி. பான்ஃப், ஜாஸ்பர் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களின் ஊடே, ராக்கி மலைத்தொடரின் பெருஞ்சிகரங்களை ஒட்டியபடியே போகிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்குப் பிழைப்புக் கொடுப்பதற்காக 1931இல் தொடங்கி, 1940இல் திறந்த சாலை இது. வழிநெடுக ஏரிகள் உண்டு. ஆனாலும் கேமராவோடு கிளம்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் பீட்டோ (Peyto), போ (Bow) என்ற இரண்டு ஏரிகளைப் பற்றித்தான்.

பீட்டோ ஏரியின் அந்த நிறம் நிஜம்தானா? கணினியில் ஏற்றிய சாயம் இல்லையே?

நிஜம்தான். முதன்முதலில் பார்க்கிறவர்கள் யாரோ மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். மலைமேல் இருக்கும் பனியாறு மெல்ல நகரும்போது அடியில் உள்ள பாறையை அரைத்துக்கொண்டே நகர்கிறது. அரைபட்ட தூள் அவ்வளவு நைஸாக இருப்பதால் இதைப் பாறை மாவு என்கிறார்கள். கோடையில் பனி உருகும் நீரோடு இந்த மாவு ஏரிக்கு வருகிறது. கனமான மணல் முகத்துவாரத்திலேயே படிந்துவிடும். மிக நுண்ணிய துகள்கள் மட்டும் நீரில் மிதந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை நீர் உறிஞ்சிக்கொள்கிறது, மிஞ்சிய நீலத்தையும் பச்சையையும் துகள்கள் சிதறடித்து மேலே அனுப்புகின்றன. அவ்வளவுதான் ரகசியம்.

பார்வை மேடையில் நின்று இடது பக்கம் கீழே பாருங்கள். பீட்டோ பனியாற்றிலிருந்து வரும் ஓடை, சாம்பல் நிறச் சரளைப் பரப்பில் பல கிளைகளாகப் பிரிந்து பின்னி, ஏரியைத் தொடும். தொடும் இடத்தில் நீர் பால் கலந்ததுபோல் வெளிறி இருக்கும், சற்றுத் தள்ளி நீலப்பச்சையாக மாறும், அதற்கப்பால் ஆழ்ந்த நீலமாகிவிடும். நிறம் எப்படி உண்டாகிறது என்பதை ஒரே சட்டகத்தில் காட்டும் இடம் அது. வருகிறவர்களில் பெரும்பாலோர் முழு ஏரியைப் பிடிக்கும் அவசரத்தில் அதைக் கவனிப்பதே இல்லை. தொலைவை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்கள் அந்த முகத்துவாரத்துக்கென்று தனியாகக் கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

நிறம்தான் வேண்டும் என்றால் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. மே மாதத்தில் போய்விட்டு "ஏரியே இல்லையே, வெள்ளைத் தரை அல்லவா இருக்கிறது" என்று திரும்புகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. இந்த உயரத்தில் பனிக்கட்டி ஜூன் மாதம் வரைகூட ஏரியை விட்டு அகலாது. உருகி முடிந்த உடனேயும் நீர் கரும்பச்சையாகத்தான் இருக்கும், பனியாறு முழுவீச்சில் உருகிப் பாறை மாவைக் கொண்டுவந்த பிறகே நிறம் ஏறும்.

ஜூன் மாதத்துக்கென்று ஓர் அழகு உண்டு. பாதி உருகிய பனித்தட்டுகள் மிதக்க, இடையில் கருநீர் தெரிய, சிகரங்களில் இன்னும் வெள்ளை மிச்சமிருக்க, போ ஏரி அப்போது வேறு ஏரியாக இருக்கும். என்னைக் கேட்டால், ஆகஸ்டில் எல்லோரும் எடுக்கும் படத்தைவிட இது எனக்குப் பிடிக்கும். செப்டம்பர் கடைசியில் லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் பொன்னிறமாகும். ஆனால் அதற்குப் பேர்போனவை லேக் லூயிஸ், மொரெய்ன் ஏரிப் பக்கங்கள்தான்.

விடியற்காலையும் அந்தி நேரமும்தான் படத்துக்கு நல்லது என்கிறார்களே, இங்கேயும் அப்படித்தானா?

போ ஏரிக்கு ஆம். பீட்டோவுக்கு இல்லை. வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பீட்டோ ஏரி ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. நீங்கள் நிற்பது அதற்கு 200 மீட்டருக்கு மேல் உயரத்தில். விடியலில் எதிரே உள்ள மலைச்சுவரின் உச்சியில் இளஞ்சிவப்பு படியும், அது அழகுதான். ஆனால் கீழே ஏரி நிழலில் இருக்கும், நீரின் நிறம் மங்கலாக, தூங்கி வழிந்துகொண்டிருக்கும். வெயில் உயர்ந்து நீருக்குள் செங்குத்தாக இறங்கினால்தான் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்ப முடியும். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, புகைப்படக்காரர்கள் வழக்கமாகக் கேமராவை உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும் அந்த நேரத்தில்தான் பீட்டோ விழித்துக்கொள்ளும். மாலையில் நிலைமை இன்னும் மோசம். கோடையில் சூரியன் வடமேற்கில் இறங்குகிறது. மேடை பார்ப்பதும் ஏறக்குறைய அந்தத் திசைதான். கண்கூசும் வானம், கறுத்த மலை, நிழல் விழுந்த ஏரி. அந்த நேரத்தில் நல்ல படம் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன், நீலம் கிடைக்காது.

போ ஏரி நேர்மாறானது. அங்கே நீங்கள் கரையில், நீர்மட்டத்தில் நிற்கிறீர்கள். கிடைக்க வேண்டியது பிரதிபலிப்பு. அதற்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும்; மலைகளில் அது பெரும்பாலும் விடியற்காலையில்தான். வெயில் ஏறி, சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிட்டால் கண்ணாடி உடைந்துவிடும். முதல் வெளிச்சம் மேற்கே உள்ள குரோஃபுட் மலையின் உச்சியைத் தொட்டுக் கீழே வழிந்து வர இருபது நிமிடம்போல ஆகும். அந்த நேரம் முழுதும் கரையில் இருங்கள். உச்சி சிவந்ததும் நாலு படம் எடுத்துவிட்டுக் காருக்குள் ஓடிவிடாதீர்கள். சிவப்பு மங்கிப் பொன்னிறம் பாதி மலைக்கு இறங்கும்போதுதான் நீரிலும் நிழலிலும் விவரம் தெரியத் தொடங்கும்.

ஆகவே, ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் வரிசை இதுதான்: விடியலில் போ ஏரி, அங்கேயே காலைச் சிற்றுண்டி, வெயில் உயர்ந்ததும் சில கிலோமீட்டர் வடக்கே பீட்டோ. ஜூன் மாதத்தில் சூரியன் ஐந்தரை மணியளவில் உதிக்கும், செப்டம்பர் கடைசியில் ஏழரை மணியளவில். தூக்கம் முக்கியம் என்பவர்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கலாம்.

மேகமூட்டமாக இருந்தால் பீட்டோவுக்குப் போகாமல் விட்டுவிடலாமா?

போங்கள். நிறம் சற்று மங்கும், மறைந்துவிடாது. வெள்ளை மேகம் முழுதாக மூடிய வானத்தைவிடத் துண்டு மேகங்கள் ஓடும் வானம் இன்னும் நல்லது. மேக நிழல் ஏரியின் மேல் நகரும்போது பாதி நீர் ஒளிரும், பாதி கறுக்கும். தெளிந்த நீலவானத்தில் எடுத்த படம் அஞ்சலட்டை மாதிரி தட்டையாகிவிடும். மழை என்றால் மட்டும் காருக்குள்ளேயே காத்திருக்கலாம், இங்கே வானிலை மணிக்கொரு தரம் மாறும்.

பீட்டோ ஏரி முழுதாகச் சட்டகத்துக்குள் வரமாட்டேன் என்கிறது. எந்த லென்ஸ்?

முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 16 முதல் 24 மி.மீ. வேண்டும். ஓநாயின் தலை என்று எல்லோரும் சொல்லும் அந்த வடிவம் முழுதாகத் தெரிய, மேடையிலிருந்து 24 மி.மீ. சில சமயம் போதாது. அகலமான லென்ஸ் இல்லாதவர்கள் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, இடமிருந்து வலமாக ஆறேழு படங்கள் எடுத்து, ஒன்றின் மூன்றிலொரு பங்கு அடுத்ததில் வரும்படி வைத்துப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். எக்ஸ்போஷரையும் (ஒளியளவு) வெள்ளைச் சமநிலையையும் (ஒளியின் நிறத்துக்கேற்பக் கேமரா செய்யும் சரிக்கட்டல்) கையால் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். தானியங்கியில் விட்டால் இணைத்த பிறகு வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

அகலமான லென்ஸின் கெடுதல் ஒன்று உண்டு: மலைகள் சுருங்கிப்போகும். எதிரே நிற்கும் கால்ட்ரன் சிகரம் நேரில் உங்களை மிரட்டும், 16 மி.மீ.யில் சிறு குன்றாகிவிடும். முழு ஏரி ஒரு படம், 35 அல்லது 50 மி.மீ.யில் மலையும் ஏரியின் ஒரு பகுதியும் இன்னொரு படம் என்று இரண்டையும் எடுத்துவிடுங்கள். வீட்டில் மாட்டத் தோன்றுவது பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

போலரைசர் ஃபில்டர் அவசியமா?

பையில் ஒரே ஒரு ஃபில்டருக்குத்தான் இடம் என்றால் இதற்குக் கொடுங்கள். மற்ற ஃபில்டர்கள் செய்வதையெல்லாம் பிறகு கணினியில் ஓரளவு செய்துகொள்ளலாம். நீரின் மேல் படியும் பளபளப்பை நீக்குவதைக் கணினி செய்யாது. மேற்பரப்பில் ஒளி தெறித்துக் கொண்டிருந்தால் அடியிலிருக்கும் நிறம் கேமராவுக்கு வந்து சேர்வதே இல்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகத் திருகிவிடக் கூடாது. போ ஏரிக் கரையில் குனிந்து, கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்துக்கொண்டு, ஃபில்டரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். காலடியில் இருக்கும் நீர் முதலில் வானத்தின் வெண்மையைக் காட்டிக்கொண்டிருக்கும். திருகத் திருக அந்த வெண்மை விலகி, அடியில் கிடக்கும் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். தவிட்டு நிறம், செங்கல் நிறம், பச்சை பூத்த சாம்பல், ஒன்றின்மேல் வெள்ளைக்கோடு ஓடும். தூரத்து நீரில் மலையின் பிம்பம் அப்போதும் அப்படியே நிற்கும். காரணம் கோணம். நீர்ப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 பாகைச் சரிவில் பார்க்கும் இடத்தில்தான் போலரைசர் முழுவலிமையோடு வேலை செய்யும். தொலைவில், பார்வை நீரைத் தட்டையாகத் தொடும் இடத்தில், அதன் பிடி தளர்ந்துவிடும். முன்னால் கற்கள், பின்னால் பிம்பம் என்று இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கும் ஒரு திருப்பம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை திருகுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சூரியனுக்குப் பக்கவாட்டில் உள்ள வானத்தைப் போலரைசர் மிகவும் கறுக்கச் செய்யும், மற்ற இடத்தைத் தொடாது. அகலமான லென்ஸில் இது வானத்தின் நடுவே கருநீலத் திட்டாக விழும். பீட்டோவில் 16 மி.மீ.யில் இது கண்டிப்பாக நடக்கும். பாதி வலிமைக்குத் திருப்பி நிறுத்தினால் தப்பலாம்.

கேமரா அமைப்புகள்?

இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நடுப்பகலில் போலரைசரோடு ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/8, ஷட்டர் வேகம் 1/125 நொடி. வெள்ளைச் சமநிலையைப் பகல்வெளிச்சத்தில் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் சட்டகம் முழுதும் நீலமாக இருப்பதைக் கண்டு மிரண்டு, மஞ்சளைச் சேர்த்து ஏரியைப் பாசி நிறமாக்கிவிடும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக்கோப்பு) எடுங்கள். பனிச்சிகரம் வெளுத்துப் போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் ஒளியளவு வரைபடம்) பார்த்துக்கொண்டால் போதும்.

முக்காலி போ ஏரியில் விடியலுக்குத் தேவை. பீட்டோ மேடையில் பகலில் அதை விரிக்காமல் இருப்பதே மரியாதை: கூட்டத்தில் இடம் அடைக்கும், பக்கத்தில் ஒரு குழந்தை குதித்தாலே மேடையின் அதிர்வு படத்தில் தெரியும்.

செல்பேசியில் எடுத்தால் தேறுமா?

நன்றாகவே தேறும். பகல் வெளிச்சம் தாராளமாக இருக்கும் இடம் இது. அகலமான லென்ஸைவிட முதன்மை லென்ஸின் தரம் அதிகம் என்பதால் அதிலேயே பனோரமா எடுங்கள், பேசியைச் செங்குத்தாகப் பிடித்து நகர்த்தினால் உயரமும் கிடைக்கும். ஏரியைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ வகையறாவை மட்டும் அணைத்துவிடுங்கள். குளிர்க்கண்ணாடி கையில் இருந்தால், அது போலரைஸ்டு வகையாக இருந்தால், லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். வேலை செய்யும்.

திருத்தும்போது எவ்வளவு தூரம் போகலாம்?

நேரில் பார்த்ததே நம்பமுடியாத நிறம். அதை இன்னும் ஏற்றினால் பார்க்கிறவர்கள் மொத்தப் படத்தையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள். இந்த ஏரிகளுக்கு என் வழக்கம், நீலப்பச்சையின் செறிவைக் கூட்டாமல் சற்றுக் குறைப்பது. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. இணையத்தில் எல்லோரும் பயன்படுத்தும் எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணவெளிக்குள் (காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) செறிந்த நீலப்பச்சை சரியாக அடங்காது. எல்லையை மீறியதும் நீரிலுள்ள நுண்ணிய நிற வேறுபாடுகள் அழிந்து, ஏரி பெயின்ட் அடித்த தகரம்போல் ஆகிவிடும். முகத்துவாரத்தின் பால்நிறத்துக்கும் நடு ஏரியின் நீலத்துக்கும் இடையில் உள்ள படிநிலை தெரிகிறதா என்று பாருங்கள். அது போய்விட்டால் செய்த திருத்தத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

பீட்டோவில் கூட்டம் எப்படி? தவிர்க்க முடியுமா?

ஜூலை, ஆகஸ்டில் பகல் பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வரும். நல்ல வெளிச்சமும் கூட்டமும் ஒரே நேரத்தில் வருவதுதான் இந்த ஏரியின் சோதனை. 2021இல் புதுப்பித்துத் திறந்த மேடை பழையதைவிடப் பெரியது. ஐந்து நிமிடம் பொறுத்தால் கைப்பிடியோரம் இடம் கிடைத்துவிடும். மேடையைத் தாண்டி மேலே போகும் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் கூட்டம் சட்டென்று குறையும். வேலியைத் தாண்டிப் பாறை விளிம்புக்குப் போகும் வேலை மட்டும் வேண்டாம். அந்த உயரத்தில் மிதிபடும் செடிகள் மீண்டும் துளிர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஏரிக்குப் பெயர் கொடுத்த பில் பீட்டோ (1869-1943) இங்கிலாந்திலிருந்து வந்து மலை வழிகாட்டியாகவும், பின்னர் பூங்காக் காவலராகவும் இருந்தவர். கூட்டாளிகள் மேலே கணவாயில் கூடாரமடித்தால், இவர் சந்தடி பிடிக்காமல் தனியாக ஏரிப்பக்கம் இறங்கிப் போய்விடுவாராம். அவர் பெயரில் உள்ள மேடையில் இன்று தற்படத்துக்கு வரிசை நிற்கிறது.

போ ஏரியில் எங்கே நிற்பது?

ஏரி சாலையை ஒட்டியே இருக்கிறது, நடை தேவையில்லை. சாலையோரத் தென்பகுதி நிறுத்துமிடத்தில் இறங்கினால் குரோஃபுட் மலையும் அதில் தொங்கும் பனியாறும் எதிரே. காக்கைக் கால்போல மூன்று விரல் இருந்ததால் அந்தப் பனியாற்றுக்கு அப்பெயர். கீழ்விரல் கடந்த நூற்றாண்டில் உதிர்ந்துபோய் இப்போது இரண்டுதான். வடகரையில் சிவப்புக் கூரையோடு ஒரு மரவிடுதி நிற்கும். ஜிம்மி சிம்ப்சன் என்ற மலை வழிகாட்டி கட்டியது. நீலமும் சாம்பலும் மட்டுமே உள்ள காட்சியில் அந்தச் சிவப்பு ஒரு பொட்டுப்போல் உட்காரும், விடாதீர்கள். விடுதியைத் தாண்டிக் கரைப்பாதையில் கொஞ்சம் நடந்தால் நீரோரம் பாறைகளும், சிற்றோடைகளும், முன்புறத்துக்குத் தேவையான எல்லாமும் கிடைக்கும்.

அந்தப் பாதையிலேயே போ பனியாற்று அருவி வரை போகலாமா?

போகும் முன் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவின் பாதை நிலவர அறிவிப்பைப் பாருங்கள். 2025 ஜூன் மாதம் அந்த அருவிக்கருகே பெரும் பாறைச் சரிவு நிகழ்ந்து இருவர் உயிரிழந்தார்கள், சிலர் காயமடைந்தார்கள். மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கரையோரத்திலேயே ஒரு நாளுக்குத் தேவையான படம் இருக்கிறது.

வழியில் வேறு ஏரிகள்?

லேக் லூயிஸைத் தாண்டியதும் சில நிமிடங்களில் ஹெர்பர்ட் ஏரி. சிறியது, மரங்கள் சூழ்ந்தது, அதனால் மற்ற ஏரிகள் கலங்கிக் கிடக்கும்போதும் இது பிம்பம் காட்டும். பீட்டோவுக்கு வடக்கே வாட்டர்ஃபௌல் ஏரிகள். பிரமிடு வடிவில் செஃப்ரன் மலை நேர் எதிரே நிற்கும். விடியலில் போ ஏரிக்கு மாற்றாக இதைக் கொள்ளலாம், ஆளும் குறைவு. மொரெய்ன் ஏரி இந்தச் சாலையில் இல்லை. 2023 முதல் அங்கே சொந்த வாகனத்தில் போகவும் முடியாது, பேருந்துதான். நினைத்த நேரத்தில் வண்டியை நிறுத்த முடிவதே ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையின் பெரிய சௌகரியம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா? ஏற முடியுமா?

டொராண்டோவிலிருந்தும் கால்கரியிலிருந்தும் வரும் நம் குடும்பங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. பீட்டோ நிறுத்துமிடம் இருக்கும் போ கணவாயின் உயரம் 2,000 மீட்டருக்குச் சற்று அதிகம், இந்தச் சாலையின் உச்சி இதுதான். கொடைக்கானல் அளவு உயரம்தான், மூச்சுத் திணறும் என்ற பயம் வேண்டாம். நிறுத்துமிடத்திலிருந்து மேடைக்கு அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தார்ப்பாதை, ஆனால் ஏற்றம். மெல்ல நடந்தால் இருபது நிமிடம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன அனுமதி அட்டை வைத்திருந்தால் மேல் நிறுத்துமிடத்தைப் பயன்படுத்தலாம், ஏற்றம் மிச்சம். இல்லையென்றால் பெரியவர்களைப் போ ஏரிக் கரையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள். அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆகஸ்டிலும் விடியலில் குளிர் எலும்பைத் தொடும், மங்கிக் குல்லாவும் கம்பளிச் சால்வையும் எடுத்துச் செல்லுங்கள்.

வண்டி, பெட்ரோல், செல்பேசி?

பெட்ரோலை லேக் லூயிஸிலேயே நிரப்பிவிடுங்கள். ஜாஸ்பர் வரை இடையில் சஸ்காட்சுவன் ரிவர் கிராசிங் என்ற ஒரே இடத்தில்தான் பங்க் உண்டு, குளிர்காலத்தில் அதையும் மூடிவிடுவார்கள். செல்பேசி சமிக்ஞை பெரும்பாலான தூரத்துக்குக் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். பூங்கா நுழைவுச் சீட்டு வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். காட்சி அழகாக இருக்கிறது என்று வளைவில் வண்டியை நிறுத்துகிறவர்களும், கரடி தெரிந்ததும் நடுச்சாலையில் கதவைத் திறந்து இறங்குகிறவர்களும் உண்டு. படத்தைவிட உயிர் பெரிது; நிறுத்துமிடம் அடுத்த சில நிமிடத்திலேயே வரும்.

காட்டுத்தீப் புகை வந்தால்?

ஜூலை, ஆகஸ்டில் இதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். 2024 ஜூலையில் ஜாஸ்பர் நகரத்தின் ஒரு பகுதியே எரிந்துபோனது. தீ வெகுதொலைவில் எரிந்தாலும் புகை பள்ளத்தாக்குகளில் வந்து தங்கும். அடர்ந்த புகையில் பீட்டோவின் நீலம் சாம்பலாகிவிடும், அகலமான காட்சிகளை மறந்துவிடுங்கள். லேசான புகை மூட்டத்தில் மலைகள் அடுக்கடுக்காகப் பிரிந்து தெரியும். நெடுந்தொலைவு லென்ஸுக்கு அது விருந்து. சாலை திறந்திருக்கிறதா என்பதைக் கிளம்பும் நாள் காலையில் பாருங்கள்.

இரவில் நட்சத்திரப் படம், துருவ ஒளி?

பீட்டோ மேடை வடமேற்கைப் பார்ப்பதால் துருவ ஒளிக்கு நல்ல இடம். ஜூன் மாதத்தில் பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், வானம் முழுதாக இருட்டுவதே இல்லை. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு முயலுங்கள். பால்வீதியின் மையம் வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம்தான். தமிழ்நாட்டிலிருந்து அது வானில் நல்ல உயரத்தில் தெரியும். 51 பாகை வட அட்சத்தில் அடிவானத்திலிருந்து பத்து பாகைகூட எழாது. இங்கே அடிவானமே மலைதான்.

குளிர்காலத்தில் போனால் எடுக்க ஒன்றுமே இல்லையா?

பீட்டோ பனிமூடிக் கிடக்கும். ஆனால் சஸ்காட்சுவன் ரிவர் கிராசிங்கில் கிழக்கே திரும்பி 11ஆம் எண் சாலையில் போனால் ஆபிரகாம் ஏரி வரும். அணை கட்டியதால் 1972இல் உருவான நீர்த்தேக்கம். அடியில் மட்கும் தாவரங்களிலிருந்து எழும் மீத்தேன் குமிழ்கள் உறையும் பனிக்கட்டிக்குள் அடுக்கடுக்காகச் சிக்கி நிற்கும். ஓயாத காற்று மேலே பனித்தூள் தங்கவிடாமல் பெருக்கித் தள்ளுவதால் பனிக்கட்டி கண்ணாடியாகத் தெரியும். ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்ற காலம். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள் இல்லாமல் இறங்காதீர்கள். பாட்டரியை உள்சட்டைப் பைக்குள் வைத்திருங்கள்; குளிரில் பாதி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. உணவு கிடைக்கும் இடங்கள் குறைவு என்பதால் கட்டுச்சோறுதான் புத்திசாலித்தனம். ஆனால் இது கரடிகளின் ஊர். சாப்பாட்டு மேசையில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் படமெடுக்கப் போகக் கூடாது. ஒரு பருக்கைகூடச் சிந்திவிட்டு வராதீர்கள், மிச்சத்தைக் கரடி திறக்க முடியாத மூடியுள்ள தொட்டியில் மட்டும் போடுங்கள். மனித உணவின் ருசி கண்ட கரடி சாலையோரம் வரத் தொடங்கும், கடைசியில் அதைச் சுட நேரலாம். கரடி, ஓநாயிடமிருந்து 100 மீட்டர், மான் வகைகளிடமிருந்து 30 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்பது விதி. செல்பேசியால் நெருக்கப்படம் எடுக்க முடிகிறது என்றால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

டிரோன் பறக்கவிடலாமா? அனுமதி ஏதாவது வேண்டுமா?

டிரோன் கூடாது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் 25,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். சொந்த நினைவுக்கு எடுக்கும் படங்களுக்கு அனுமதி தேவையில்லை. விளம்பரம், திரைப்படம் போன்ற வணிகப் படப்பிடிப்பு என்றால் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.